காதுக்குக் கேட்காத தாளம்: எவே கிராமங்களில் இசையும் ஆட்டமும் கற்கும் முறை

ஆப்பிரிக்க இசை என்று பேச்செடுத்தாலே, "தாளம் அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். பாராட்டும் எண்ணத்தில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனாலும் அது, பாடுபட்டுக் கற்றவரின் உழைப்பை அவரிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும் பாராட்டு. இதற்கு நேர் எதிரான இன்னொரு பேச்சும் உண்டு: அங்கே பள்ளி இல்லை, பாடமுறை இல்லை, பார்த்துப் பார்த்துத் தானாக வந்துவிடுகிறது என்பது அது. இரண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. கற்பிக்கும் முறை ஒன்று கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தும், நமக்குப் பழக்கமான வகுப்பறையின் சாயல் அதில் இல்லாததால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

ஆப்பிரிக்கா ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கொண்ட கண்டம். "ஆப்பிரிக்கக் கிராமத்தில் இப்படித்தான் கற்கிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், மேலே சொன்ன இரண்டு தவறுகளோடு மூன்றாவதும் சேர்ந்துவிடும். எனவே இக்கட்டுரை ஒரே ஒரு மக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கானா நாட்டின் தென்கிழக்கு மூலையில், வோல்டா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கும் டோகோ நாட்டு எல்லைக்கும் நடுவே, அட்லாண்டிக் கடலுக்கும் கேட்டா காயலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலும் காயலைச் சுற்றிய ஊர்களிலும் வாழும் அங்லோ எவே மக்களே அவர்கள். எவே என்பது மொழியின் பெயர். அம்மொழி பேசுவோரில் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தவர்கள் அங்லோ. மீன்பிடிப்பதும், தென்னை வளர்ப்பதும், மணலில் பாத்தி கட்டிச் சின்ன வெங்காயம் பயிரிடுவதும் அவர்களுடைய பழைய தொழில்கள்.

"வு" என்ற ஒரு சொல்

எவே மொழியில் மேளத்துக்கு "வு" என்று பெயர். அதே சொல்லைத்தான் மேளங்கள் சேர்ந்து ஒலிக்கும் இசைக்கும், அந்த இசையோடு பாட்டும் ஆட்டமும் கூடி நடக்கும் நிகழ்ச்சிக்கும் வழங்குகிறார்கள். ஆகவே, "உங்கள் பிள்ளை இசை கற்கிறானா, நடனம் கற்கிறானா?" என்று ஓர் அங்லோ தாயிடம் கேட்டால், கேள்வியே அவருக்கு விளங்காமல் போகலாம். மேளம் தனி, பாட்டு தனி, ஆட்டம் தனி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியரையும் ஒரு நேரத்தையும் ஒதுக்கும் வழக்கம் அங்கே தோன்றவில்லை.

வு பெரும்பாலும் சாவு வீட்டை ஒட்டி நடக்கிறது. வார இறுதியில் துக்கச் சடங்கு நடக்கும் வீட்டின் முன்னே, மணல் முற்றத்தில் பெஞ்சுகளை வட்டமாகப் போடுவார்கள். ஒரு பக்கம் மேளக்காரர்கள் அமர்கிறார்கள். அவர்களை ஒட்டி மணியும் குலுக்கைகளும் ஒலிக்கின்றன. சுற்றிலும் பாடுவோர் நிற்கிறார்கள். வட்டத்தின் விளிம்பிலிருந்து இருவர் இருவராக எழுந்து மேளங்களின் முன்னே ஆடிவிட்டுத் திரும்புகிறார்கள். பார்வையாளர் என்று தனியே ஒரு கூட்டம் கிடையாது. வந்தவர்கள் பாடுகிறார்கள், கை தட்டுகிறார்கள், குறைந்தபட்சம் ஒருமுறையாவது எழுந்து ஆடுகிறார்கள்.

தாய்மொழி உவமையும் கல்யாணச் சமையலும்

இந்தக் கற்றலை விளக்க வருவோர் வழக்கமாக எடுக்கும் உவமை தாய்மொழி. குழந்தைக்கு இலக்கணம் நடத்தியா பேச்சைக் கற்பிக்கிறோம்? சுற்றிலும் பேச்சு கேட்கிறது, குழந்தை மழலையாகத் திருப்பிச் சொல்கிறது, பெரியவர்கள் சிரித்துத் திருத்துகிறார்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் பேச்சு வந்துவிடுகிறது. பாதி தூரம் இந்த உவமை சரியாகவே செல்கிறது. ஆனால் பேச்சு எல்லோருக்கும் வந்துவிடும். தலைமை மேளம் எல்லோருக்கும் வருவதில்லை. ஊருக்கு இரண்டு மூன்று பேர் அந்த இடத்துக்கு வந்தாலே பெரிது. அதனால் இன்னொரு உவமையும் தேவைப்படுகிறது.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த பையனிடம் முதல் நாளே சாம்பாருக்கு உப்புப் போடச் சொல்லமாட்டார்கள். அவன் வெங்காயம் உரிப்பான், தண்ணீர் தூக்குவான், அடுப்புக்கு விறகு தள்ளுவான். பதம் பார்க்கும் வேலை தலைமைச் சமையற்காரருடையது. ஆனால் பையன் உரித்த வெங்காயம் அன்றைய பந்தியின் சாம்பாரில்தான் விழுகிறது. அவன் பழகுவதற்கென்று ஓரமாகத் தனிச் சாம்பார் கொதிப்பதில்லை. சிறிய வேலையானாலும் அது மெய்யான வேலை. அதைச் செய்துகொண்டே பெரிய வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு கை தூரத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் பார்க்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கிறது.

எவே மேளக்குழு அமைந்திருப்பதும் ஏறத்தாழ இப்படித்தான். தொடக்கநிலையில் இருப்பவரும் கைதேர்ந்தவரும் ஒரே நிகழ்ச்சியில், ஒரே நேரத்தில், வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட பங்குகளை ஏற்கும்படி இசையே கட்டப்பட்டிருக்கிறது. பாடத்திட்டம் தாளில் எழுதப்படவில்லை. கருவிகளின் வரிசையில் அது இருக்கிறது.

கருவிகளின் படிக்கட்டு

குழுவின் அடித்தளம் "கங்கோகுயி" என்னும் இரட்டை மணி. இரும்பை அடித்துச் செய்த, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமான இரண்டு மணிகள் ஒரே காம்பில் பொருந்தியிருக்கும்; குச்சியால் தட்டினால் பெரியது தாழ்ந்த ஒலியும் சிறியது உயர்ந்த ஒலியும் தரும். அதோடு சேர்வது "அஹாட்சே" என்னும் குலுக்கை: காய்ந்த சுரைக்குடுக்கையைச் சுற்றிப் பாசிமணிகள் கோத்த வலையைப் பின்னியிருப்பார்கள்.

மேளங்களில் மிகச் சிறியது "ககான்", அடுத்தது "கிடி", அதனினும் பெரியது "சோகோ". எல்லாவற்றிலும் உயரமானது "அட்சிமேவு". ஓர் ஆளின் மார்பளவு நீளமுள்ள அதைச் சாய்வான தாங்கியில் கிடத்தி, பக்கத்தில் நின்றபடி அடிக்கிறார்கள். பலகைத் துண்டுகளை வளைத்து ஒட்டி இரும்பு வளையங்களால் இறுக்கி, மேலே மான்தோல் போர்த்து, முளைகளால் இழுத்துக் கட்டிய மேளங்கள் இவை. தோல் தளர்ந்தால் முளையை அடித்து இறக்குவார்கள். மரம் காய்ந்து இடைவெளி விட்டால் மேளத்துக்குத் தண்ணீர் காட்டுவார்கள். தண்ணீர் கொண்டுவருவதும் மேளங்களைத் தூக்கிவருவதும் சிறுவர்களின் வேலை. வெங்காயம் உரிக்கும் கட்டம் இதுதான்.

ககானுக்கு ஒரே ஒரு சிறிய அடிக்கோவை. தொடக்கம் முதல் முடிவு வரை அது மாறுவதில்லை. கிடிக்குச் சற்று நீளமான கோவைகள் உண்டு. தலைமை மேளம் ஒன்றைச் சொன்னால் கிடி அதற்குரிய விடையைச் சொல்ல வேண்டும், தலைமை மேளம் பேச்சை மாற்றினால் தானும் மாற வேண்டும். சோகோவுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். இந்த வரிசையின் உச்சியில் இருப்பவர் "அசாகுனோ", அதாவது தலைமை மேளக்காரர். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தக் கோவை, ஆடுவோரை எப்போது முன்னே அழைப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. எல்லா வுவிலும் எல்லா மேளமும் இடம்பெறுவதில்லை. அங்லோ மக்கள் எங்கும் ஆடும் "அக்பாட்ஜா" என்ற பொது ஆட்டத்தில் பெரும்பாலும் சோகோவே தலைமை ஏற்கிறது.

மணி எளிது என்பதால்தான் முதலில் அதைக் கொடுக்கிறார்கள் என்று சில அறிமுக நூல்களில் காணப்படுகிறது. எனக்கு அது முழுச் சரியாகத் தோன்றவில்லை. மணியின் கோவை சிறியதுதான்; ஆனால் மற்ற எல்லோரும் அதைக் கேட்டே தம்மைச் சரிசெய்துகொள்வதால், மணி பிசகினால் முழு வட்டமும் பிசகும். மணிக்கணக்கில் வேகம் கூடாமலும் குறையாமலும், பக்கத்தில் எவ்வளவு ஆரவாரம் எழுந்தாலும் அசையாமலும் ஒரே கோவையைத் தட்டிக்கொண்டிருப்பது எளிய வேலை அன்று. சிறுவர்கள் பெரும்பாலும் கைதட்டலிலும் குலுக்கையிலும்தான் தொடங்குகிறார்கள்.

சுருங்கச் சொன்னால், நிலையான பங்கிலிருந்து மாறும் பங்குக்கும், பின்பற்றும் பங்கிலிருந்து வழிநடத்தும் பங்குக்கும் ஏறிச்செல்லும் படிகள் இவை. எந்தப் படியில் நின்றாலும் கற்பவர் நிகழ்ச்சிக்கு உள்ளேதான் இருக்கிறார்.

மணியும் காலும்

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். சற்றுப் பொறுமையாகவும், முடிந்தால் மேசையில் தட்டிக்கொண்டும் படித்தால் நல்லது.

அக்பாட்ஜாவின் மணிக்கோவை ஒரு சுற்றுக்கு 12 நுண்ணெண்ணிக்கை கொண்டது. நுண்ணெண்ணிக்கை என்று இங்கே சொல்வது, இடைவெளி சமமாக வேகமாக ஓடும் மிகச் சிறிய அலகை. அந்த 12-இல் மணி ஒலிப்பது 7 இடங்களில்: 1, 3, 5, 6, 8, 10, 12. முதல் அடி பெரிய மணியில் விழலாம். மற்றவை சிறிய மணியில் விழும். இடைவெளிகள் சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று அவை போகின்றன. கேட்பவருக்கு இது நொண்டி நடப்பதுபோலத் தோன்றும். எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடாது.

இப்போது ஆடுவோரின் கால்களைப் பாருங்கள். கால் நான்கு இடங்களில் மட்டும் தரையில் ஊன்றுகிறது: 1, 4, 7, 10. மும்மூன்று நுண்ணெண்ணிக்கைக்கு ஒருமுறை, முற்றிலும் சீராக. மணியும் காலும் சந்திக்கும் இடங்கள் இரண்டே: 1-ம் 10-ம். காலின் 4-இலும் 7-இலும் மணி பேசாது; அந்த இரண்டு இடங்களையும் ஆடுபவர் தம் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ககானைச் சேர்த்தால் செய்தி இன்னும் தெளிவாகும். ககான் அடிப்பது 2, 3, பிறகு 5, 6, பிறகு 8, 9, பிறகு 11, 12. அதாவது, கால் ஊன்றும் இடம் ஒன்றில்கூட ககான் ஒலிப்பதில்லை; கால் ஊன்றியதற்கும் அடுத்த முறை ஊன்றுவதற்கும் நடுவில் இருக்கும் இரண்டு இடங்களையே அது நிரப்புகிறது. ஆட்டத்தைப் பார்க்காமல் ககானை மட்டும் காதால் கேட்பவர், இரட்டை அடியில் முதலாவதைத்தான் தாளத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வார். அங்கேயே எல்லாம் ஒரு நுண்ணெண்ணிக்கை தள்ளிப்போய்விடும். பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டே இந்தத் தாளத்தைப் பிடித்துவிடலாம் என்று நானும் பல நாள் முயன்று ஒவ்வொரு முறையும் இதே குழியில் விழுந்தேன். எழுந்து நின்று காலைத் தரையில் வைத்து நடந்த பிறகுதான் மணி தன் இடத்தில் வந்து அமர்ந்தது.

இந்தக் குழியில் விழுந்தவர்களில் பேர்பெற்ற அறிஞர்களும் உண்டு. ஏ. எம். ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1950-களில் லண்டனில், டெஸ்மண்ட் டே என்ற எவே மேளக்காரரின் உதவியோடு இந்தத் தாளங்களை ஆராய்ந்தார். உலோகத் தகடுகளில் அடிக்கும் ஒவ்வொரு தட்டும் ஓடும் காகிதத்தில் புள்ளியாக விழும்படி ஒரு பொறியை அமைத்து, மிகத் துல்லியமாகப் பதிவுசெய்தார். ஆனால் அந்த அறையில் ஆடுவோர் இல்லை. 1959-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், தாளச் சுற்று எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோட்டை ஒவ்வொரு மேளத்துக்கும் அதனதன் தொடக்கத்தில் தனித்தனியே போட்டிருந்தார். ஒரே நேரத்தில் பல தாளங்கள் ஒன்றோடொன்று மோதி ஓடுகின்றன என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. பின்னாளில் சி. கே. லாஜெக்போ, கோஃபி அகாவு போன்ற எவே இனத்து இசையறிஞர்கள், எல்லா மேளங்களும் ஒரே பொதுத் தாளத்தைப் பற்றிக்கொண்டே ஓடுகின்றன என்பதையும், அந்தத் தாளம் ஆடுவோரின் காலில் இருக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டினார்கள்.

அங்லோ தாய் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டுதான் துக்க வீட்டுக்குப் போகிறாள், கட்டிக்கொண்டுதான் ஆடுகிறாள். மணியின் நொண்டிநடை குழந்தையின் காதில் விழும் அதே நேரத்தில், தாயின் கால் ஊன்றும் நான்கு அதிர்வுகள் அதன் மார்பிலும் வயிற்றிலும் படுகின்றன. நமக்குக் கேட்காத தாளம் அந்தக் குழந்தைக்கு முதலில் வந்து சேர்ந்துவிடுகிறது. மேளத்தைத் தொடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எந்த ஒலியை எதன்மேல் வைத்துக் கேட்க வேண்டும் என்பது அதன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. இரத்தத்தில் ஊறியது என்று வெளியாருக்குத் தோன்றுவது இதுதான். எவே குழந்தையை அந்த முதுகிலிருந்து இறக்கி வேறு நாட்டில் வளர்த்தால், மேலே சொன்ன குழியில் அதுவும் நம்மைப் போலவே விழும்.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: ஒலிக்கும் பகுதி மணியிலும் மேளத்திலும் இருக்கிறது, அதைத் தாங்கும் சீரான தாளம் ஒலியில்லாமல் காலில் இருக்கிறது. ஆகவே ஆட்டம் முதலிலும் மேளம் பிறகும் என்ற வரிசை வசதிக்காக வந்ததன்று. இந்த இசைக்கு வேறு வரிசை ஒத்துவராது.

வாயில் வரும் மேளம்

மிருதங்கம் பயில்வோர் சொற்கட்டை முதலில் வாயால் சொல்லிப் பழகுவது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. எவே மக்களிடமும் அப்படி வாய்ச்சொற்கள் உண்டு. குலுக்கையை எடுத்துக்கொள்வோம். தொடையில் தட்டும் அடிக்கு "பா". மேலே தூக்கி உள்ளங்கையில் தட்டும் அடிக்கு "தி". அக்பாட்ஜாவில் குலுக்கை சொல்வது இது:

பா – பா தி பா பா தி பா தி பா தி பா

இடையில் உள்ள கோடு ஒரு நுண்ணெண்ணிக்கை மௌனம். இதில் "பா" வரும் இடங்களை எண்ணிப்பாருங்கள்: 1, 3, 5, 6, 8, 10, 12. மணி ஒலிக்கும் அதே ஏழு இடங்கள். குலுக்கை பிடிக்கும் சிறுமி தொடையில் தட்டும்போதெல்லாம் மணியின் கோவை அவள் தொடையில் பதிந்துகொண்டிருக்கிறது. மணியைக் கையில் வாங்கும் நாளில் அவளுக்கு அது புதிதாக இருக்காது. எந்த ஆசிரியர் உட்கார்ந்து யோசித்து இப்படி ஒரு பாடத்தை அமைத்தார் என்று வியக்கத் தோன்றும்.

ஆனால் எவே வாய்ச்சொல்லில் சொற்கட்டிலிருந்து வேறான ஒரு கூறு உண்டு. எவே ஒரு தொனிமொழி. தொனிமொழி என்றால், ஓர் அசையை உயர்ந்த குரலில் சொல்வதா தாழ்ந்த குரலில் சொல்வதா என்பதைப் பொறுத்துச் சொல்லின் பொருளே மாறும் மொழி. மேளமும் உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் தரவல்லது. ஆதலால் ஒரு வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தையும் நெடில் குறிலையும் மேளத்தில் அப்படியே வாசிக்க முடிகிறது. பல கோவைகளுக்குப் பின்னே இப்படி ஒரு வாக்கியம் நிற்கிறது. கற்பவர் எண்களை மனப்பாடம் செய்வதில்லை, வாக்கியத்தை நினைவில் வைக்கிறார். மொழி தெரிந்தவர்கள் அதைக் கேட்டுப் புன்னகைக்கவும் செய்கிறார்கள்.

சிறுவர்கள் இந்த வாய்ச்சொற்களைச் சொல்லிக்கொண்டே காலியான பால் டின்களிலும் பெட்டிகளிலும் தட்டித் தங்களுக்குள் ஒரு குட்டி வு நடத்துகிறார்கள். அங்கே அவர்களே அசாகுனோ, அவர்களே கிடி. தொட்டுக் கற்பிக்கும் வழக்கமும் கானாவில் உண்டு. கானாவின் முதுபெரும் இசையறிஞர் க்வாபேனா என்கெட்டியா, ஆசான் மாணவனின் தோள்பட்டையில் தாளத்தைத் தட்டி உணர்த்துவதைக் குறித்திருக்கிறார்.

முதுகு பேசும் ஆட்டம்

அக்பாட்ஜா ஆடுபவர் உடம்பை இடுப்பிலிருந்து சற்றே முன்னே சாய்த்து, முழங்காலைத் தளர்த்தி நிற்கிறார். முழங்கைகள் பக்கவாட்டில் இறக்கைபோல விரிந்து மடங்க, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகின் நடுவே நெருங்கி விலகுகின்றன. கால் எளிமையாகத் தாளத்தை நடக்கிறது. ஆட்டத்தின் அழகு முழுவதும் முதுகில் இருக்கிறது. கையையும் காலையும் பார்த்து மேலோட்டமாகப் படியெடுக்கும் வெளியூர்க்காரருக்கு எல்லாம் சரியாக வந்ததுபோல இருக்கும். முதுகு மட்டும் பலகையாக நிற்கும்.

குழந்தைகள் வட்டத்தின் விளிம்பில் பெரியவர்களுக்குப் பின்னே நின்று ஆடிப்பார்க்கிறார்கள். துணிவு வந்த நாளில் தோழமைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு நடுவே வருகிறார்கள். ஒரு முறை ஆடுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடம் ஊரே பார்க்கிறது. நன்றாக ஆடினால் கைக்குட்டையை வீசுவார்கள், சில நேரம் நெற்றியில் பணத்தாளை ஒட்டுவார்கள். ஆடத் தெரியாமல் விழித்தால் சிரிப்பார்கள். மேளக்காரர் தடுமாறினாலும் திருத்தம் இதே வேகத்தில் வருகிறது: முதலில் ஒரு பார்வை, பிறகு வாயால் கோவையைச் சொல்லிக்காட்டுதல், அதற்கும் சரிவராவிட்டால் பக்கத்திலிருப்பவர் இசை நிற்காமலே குச்சியை வாங்கிக்கொள்வார். சொற்பொழிவு கிடையாது.

அக்பாட்ஜா எல்லோருக்குமானது. "அக்பேகோர்" அப்படியன்று. முன்பு போர் ஆட்டமாக இருந்த அதில், தலைமை மேளம் ஒவ்வொரு கோவையாக அழைக்க, ஆடுவோர் அனைவரும் அந்தந்தக் கோவைக்குரிய நீண்ட அசைவுத் தொடரை ஒரே உடம்புபோல ஆட வேண்டும். அதற்குக் குழுவாகக் கூடிப் பல மாதம் ஒத்திகை பார்த்தே தீர வேண்டும். அக்பேகோர் எப்படித் தோன்றியது என்பதற்கு எவே மக்கள் ஒரு கதை சொல்கிறார்கள்: காட்டுக்குப் போன வேட்டைக்காரர்கள், குரங்குகள் மனித உருவெடுத்து மேளம் கொட்டி ஆடுவதை மறைந்திருந்து பார்த்து, ஊருக்கு வந்து கற்பித்தார்களாம். தங்கள் கலை பிறவியிலேயே வந்தது என்று அவர்களுடைய பழங்கதைகூடச் சொல்லவில்லை என்பதை நான் விரும்பி ரசிக்கிறேன்.

ஆட்டத்தோடு வரலாறும் வந்துவிடுகிறது. நோட்சியே என்ற மதில் சூழ்ந்த நகரில் அகோர்கோலி என்ற கொடிய அரசனின்கீழ் இருந்த எவே முன்னோர், பெண்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரை மதிலின் ஓரிடத்திலேயே ஊற்றி ஊற்றி ஈரமாக்கியதால் அதை உடைத்து, பின்னோக்கி நடந்து தப்பினார்கள் என்பது மரபுக்கதை. காலடித் தடத்தைப் பார்ப்பவருக்கு அவர்கள் உள்ளே போனதுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னோக்கி நடந்தார்கள். ஆண்டுதோறும் நவம்பர் முதல் சனிக்கிழமை அங்லோகா ஊரில் நடக்கும் ஹோக்பேட்சோட்சோ விழா அந்த வெளியேற்றத்தைக் கொண்டாடுகிறது. "மிசேகோ" என்ற ஆட்டத்தை அந்தப் பயணத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். "இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டு" என்பது அதன் பெயர்ப்பொருள். சிறுவர்களுக்கு இந்தக் கதை பாடப்புத்தகத்துக்கு முன்பே காலில் வந்துவிடுகிறது.

பாட்டும் சங்கமும்

பாட்டை எடுத்துக்கொடுப்பவருக்கு "ஹேனோ" என்று பெயர். அவர் ஓர் அடி பாட, கூட்டம் மறு அடியைப் பாடும். பழம்பாட்டுகளை நினைவில் வைத்திருப்பதோடு, புதிது புனைவதும் அவர் வேலை. இறந்தவரை நினைத்துப் பாடும் ஒப்பாரிப் பாடல்களில் வினோகோ அக்பாலு என்ற அங்லோ கவிஞரின் பெயர் இன்றும் முதலில் சொல்லப்படுகிறது.

மேளம் அடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் பாட்டிலும் குலுக்கையிலும் கைதட்டலிலும் ஆட்டத்திலும் நிறைந்திருக்கிறார்கள். பாட்டின் நினைவுக்களஞ்சியம் அவர்களிடம்தான் இருக்கிறது. பெண்களே மேளமும் கொட்டும் குழுக்கள் சில ஊர்களில் உண்டு.

"ஹபோபோ" என்பது இசைக்கும் ஆட்டத்துக்குமாக ஊரில் சேர்ந்து நடத்தும் சங்கம். சந்தா உண்டு, விதிகள் உண்டு, வராதவருக்குத் தண்டம் உண்டு. உறுப்பினர் வீட்டில் சாவு நேர்ந்தால் சங்கம் திரண்டு போய்க் கொட்ட வேண்டும். புதிய பாட்டுகளையும் அசைவுகளையும் அறிமுகப்படுத்தும் முன், இரவில், அடுத்த சங்கத்தின் காதுக்கு எட்டாத இடத்தில் கூடி ஒத்திகை பார்ப்பார்கள். "பயிற்சியே கிடையாது" என்று எழுதிவிட்டுப் போனவர்கள் பகலில் மட்டும் ஊரைப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

பிறவித்திறமை என்ற பேச்சு அவர்களிடம் இல்லாமலும் இல்லை. பேர்பெற்ற மேளக்காரரின் பேரன் நன்றாக அடித்தால், தாத்தாவே திரும்பி வந்திருக்கிறார் என்பார்கள். பாட்டுக்கென்று ஒரு தெய்வமும் உண்டு. ஆனால் அந்தப் பேரனும் தண்ணீர் தூக்கி, குலுக்கை பிடித்து, ககானில் பல இரவுகள் கண்விழித்துத்தான் வர வேண்டும். திரும்பி வந்த தாத்தா என்பதற்காக யாரும் அவனை நேரே அட்சிமேவின் முன்னே நிறுத்துவதில்லை.

பள்ளிக்கூடம் வந்த பிறகு

பிரேமன் நகரைச் சேர்ந்த ஜெர்மானியக் கிறித்தவ ஊழியர்கள் 1847-இல் எவே நாட்டின் பெக்கியிலும் 1853-இல் கேட்டாவிலும் காலூன்றினார்கள். எவே மொழிக்கு எழுத்தும் இலக்கணமும் பள்ளிகளும் அவர்களால் வந்தன. அதே பள்ளிகளில், மேளமும் ஆட்டமும் பழைய தெய்வ வழிபாட்டைச் சேர்ந்தவை என்பதால் விலக்கப்பட்டன. 1957-இல் கானா விடுதலை பெற்ற பிறகு நிலைமை தலைகீழாயிற்று. நாட்டின் அடையாளம் என்று ஆட்டங்கள் மேடையேறின. 1960-களின் தொடக்கத்தில் தலைநகர் அக்ராவின் லெகோன் பகுதியில் உள்ள பல்கலைக்கழகத்தில் இசை, நடனப் படிப்புகளும் தேசிய ஆட்டக்குழுவும் அமைந்தன. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1970-இல் அக்ராவுக்கு வந்து பாடம் கேட்டதும் அந்தக் குழுவைச் சேர்ந்த எவே மேளக்காரரிடம்தான். கிராமத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று எண்ணிய காட்வின் அக்பெலி, டோகோ எல்லையை ஒட்டிய கோபேயியா என்ற சிற்றூரில் 1982-இல் டாக்பே என்ற கலைநிலையத்தைத் தொடங்கினார்; உள்ளூர்ச் சிறுவர்களும் வெளிநாட்டு மாணவர்களும் அங்கே கற்றார்கள்.

வகுப்பறைக்குள் வந்ததும் வு தவிர்க்கமுடியாமல் சில மாற்றங்களை அடைகிறது. இரவு முழுதும் நீளும் அக்பாட்ஜா மேடையில் பத்து நிமிடமாகிறது. வட்டம் திறந்து ஒரு பக்கம் பார்வையாளரை நோக்குகிறது. மேளம் ஒரு மணி நேரம், ஆட்டம் ஒரு மணி நேரம் என்று பிரிகிறது. இவற்றில் முதல் இரண்டால் பெரிய கேடில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாவதுதான் கவலைக்குரியது: காலை ஓரிடத்திலும் மணியை வேறோரிடத்திலும் கற்பவர், முன்னே சொன்ன 4-ஐயும் 7-ஐயும் எங்கிருந்து எடுப்பார்?

இணையத்தில் அக்பாட்ஜாக் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பார்க்க விரும்புவோர் முதலில் ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டு, ஆடுவோரின் கால்களை மட்டும் இரண்டு நிமிடம் பார்த்து, உட்கார்ந்தபடியே அவர்களோடு சேர்ந்து தரையில் காலை ஊன்றிப் பழகுங்கள். காலை நிறுத்தாமல் ஒலியைத் திறந்தால், சிறிய மேளத்தின் இரட்டை அடிகள் உங்கள் காலடிகளுக்கு நடுவே விழுவது கேட்கும். அவை உங்கள் காலைத் தம் பக்கம் இழுக்கும். முதல் சில முறை கால் போய்விடவும் செய்யும். அப்போது மறுபடியும் ஒலியை நிறுத்திவிட்டுக் காலிலிருந்து தொடங்க வேண்டும்.